வெறுங்கையோடு ஒரு முகூர்த்தம்

பாம்பன் தனுஷ்கோடிக்குப் பதினெட்டு வாத்தியம் தெரியும் என்று சொல்வார்கள். எண்ணிப் பார்த்தவர் யாரும் கிடையாது. பதினெட்டு என்பது வாய்க்கு வாகாக இருந்ததால் அப்படியே நின்றுவிட்டது. கோயிலில் நாதஸ்வரம், தவில்காரர் வராத அன்று தவில், சந்தனக்கூடு ஊர்வலத்தில் கிளாரினெட், மாதா கோயில் தேர்ப்பவனியில் டிரம்பெட், முளைப்பாரிக்கு உருமி, இன்னிசைக் குழுவில் கீபோர்டும் பேஸ் கிட்டாரும், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஆர்மோனியம் என்று மனிதர் போகாத இடமில்லை. சாமிகளுக்குள் சண்டை வந்தால்கூட எல்லாப் பக்கத்துக்கும் இவர்தான் வாசிக்க வேண்டியிருக்கும்.

இவ்வளவு தெரிந்தவரை யாராவது வித்வான் என்று கூப்பிட்டார்களா என்றால் இல்லை. நாதஸ்வரக்காரர்களிடம் கேட்டால், "தனுஷ்கோடியா, கீபோர்டு பிரமாதமா வாசிப்பாப்ல" என்பார்கள். கீபோர்டுக்காரர்களிடம் கேட்டால், "அண்ணன் நாயனத்துல புலி" என்பார்கள். பேண்டு மாஸ்டரோ, "அவரு உருமி அடிச்சு நீங்க கேட்டதில்லையா" என்று நம்மையே திருப்பிக் கேட்பார். ஒவ்வொருவரும் மிகுந்த மரியாதையோடு அவரைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள்.

அவருக்குப் போன் வருவதும் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால்தான். ராமநாதபுரம் மாவட்டத்தில் எந்தக் கலைஞனுக்கு என்றைக்குக் காய்ச்சல், எவனுக்கு வயிற்றுப்போக்கு என்பதெல்லாம் டாக்டருக்கு முன்னால் தனுஷ்கோடிக்குத் தெரிந்துவிடும். "ஆள் வரலைன்னா தனுஷ்கோடியக் கூப்பிடு" என்பது கடற்கரை முழுக்க ஒரு மருந்துச் சீட்டு மாதிரி புழங்கியது. அவரும் சலிக்காமல் போனார். கூப்பிட்ட இடத்துக்குப் போகாமல் இருப்பது எப்படி என்ற ஒரு வித்தை மட்டும் அவருக்குக் கைவரவில்லை.

இரண்டாயிரம் கல்யாணத்துக்காவது அவர் வாசித்திருப்பார். ஆனால் ஒரு தாலி ஏறுவதைக்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. மங்கல இசைக்கென்று மகாலில் ஒரு மூலையை ஒதுக்குவார்கள். அது பெரும்பாலும் ஃபேன் இல்லாத மூலையாக இருக்கும். அங்கிருந்து மணவறை தெரியாது. மணவறையை மறைத்து நிற்கும் கேமராக்காரர்களின் முதுகு நன்றாகத் தெரியும். முகூர்த்த நேரத்தில் "கெட்டி மேளம், கெட்டி மேளம்" என்று யாராவது ஒருவர் கூட்டத்துக்கு மேலே விரலைத் தூக்கி ஆட்டுவார். அந்த விரலைப் பார்த்து வாசித்தால் போதும். முப்பது வருஷமாக தனுஷ்கோடி பார்த்ததெல்லாம் விரல்கள்தான். மோதிர விரல், சுண்ணாம்பு விரல், நகம் வளர்த்த விரல் என்று விதவிதமாகப் பார்த்திருக்கிறார்.

சொந்த வீட்டு விசேஷத்திலும் அதே கதைதான். மகள் யுவராணிக்குக் காது குத்தியபோது உருமிக்காரன் வரவில்லை, இவரே அடித்தார். அவளுக்குச் சடங்கு வைத்தபோது மைக்செட் வந்தது, கீபோர்டுக்காரன் வரவில்லை, இவரே உட்கார்ந்தார். சடங்கு வீட்டு ஆல்பத்தில் அம்மா, மாமன்மார், அத்தைமார் எல்லோரும் இருக்கிறார்கள். பெற்ற தகப்பன் ஒரு படத்திலும் இல்லை.

அதனால் யுவராணிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது தனுஷ்கோடி ஒன்றே ஒன்றுக்குத்தான் ஆசைப்பட்டார். மகள் கழுத்தில் தாலி ஏறும்போது கையில் எந்த வாத்தியமும் இல்லாமல், இரண்டடி தூரத்தில் நின்று அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். கிடைக்காத பதவியையா கேட்டார்? ஊரில் எல்லாத் தகப்பன்மாருக்கும் இனாமாகக் கிடைப்பதைத்தான் கேட்டார்.

மனைவி ராக்குவிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை.

"பாப்பம்" என்றாள். "மணி அடிக்க ஆள் இல்லைன்னு பூசாரி சொன்னாக்கூட எந்திரிச்சுப் போயிருவீக."

"இந்தத் தடவ கிடையாது. நான் பொண்ணப் பெத்தவன். பெத்தவன் வேலைய மட்டும்தான் பாக்கப்போறேன்."

"அது என்ன வேலைன்னு மொதல்ல தெரியுமா உங்களுக்கு?"

உண்மையில் தெரியாது. பெண்ணைப் பெற்றவர்கள் கல்யாணத்தில் என்ன செய்வார்கள் என்பதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. கேமராக்காரர்கள் மறைத்துக்கொண்டிருந்தார்கள்.

மாப்பிள்ளை காளிதாஸ் திருப்பூரில் கம்பெனி வேலை பார்க்கும் சாதுவான பையன். அவனுடைய அப்பா சேதுராமன் முதுகுளத்தூரில் மிளகாய் மண்டி வைத்திருப்பவர். சாதுத்தனம் அந்தக் குடும்பத்தில் ஒருவருக்குத்தான் மிச்சமிருந்தது போலிருக்கிறது. பூ வைக்க வந்த அன்றே சேதுராமன் கேட்டார்.

"சம்பந்தி, கல்யாணத்தன்னிக்கு நீங்க எத வாசிக்கப் போறீங்க?"

"எதையும் இல்ல சம்பந்தி. சும்மா நிக்கப் போறேன்."

சேதுராமன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கலைஞர்களுக்கே உரிய நகைச்சுவை என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் விளக்கினார். அவர்களும் சிரித்தார்கள். தனுஷ்கோடியும் வேறு வழி தெரியாமல் கொஞ்சம் சிரித்து வைத்தார். அதுதான் அவர் செய்த முதல் தப்பு.

இரண்டாவது தப்பு திருவாடானையில் நடந்தது. அங்கே முனீஸ்வரன் என்ற நாதஸ்வரக்காரர் இருந்தார். ஒரே வாத்தியத்தை முப்பது வருஷமாக வாசித்து வித்வான் என்று பெயரெடுத்தவர். தன் மகள் கல்யாணத்துக்கு அவர் செட்தான் வாசிக்க வேண்டுமென்று தனுஷ்கோடி நேரில் போனார். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை, அதன்மேல் அட்வான்ஸ் கவர் எல்லாம் முறைப்படி வைத்து நீட்டினார். முனீஸ்வரன் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கவரை மட்டும் எடுத்து தனுஷ்கோடியின் சட்டைப் பையில் திருப்பிச் சொருகினார்.

"அண்ணே, உங்ககிட்டயா இது? தொழில்காரனுக்குத் தொழில்காரன். குடும்பத்தோட வந்து நிப்பேன்."

தனுஷ்கோடிக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணுக்கு ஒரு சின்ன விஷயம் தெரியவில்லை. மேளத்துக்கு ஆள் பேசினாலும் வெற்றிலை பாக்குத்தான். விருந்துக்கு அழைத்தாலும் வெற்றிலை பாக்குத்தான். இரண்டுக்கும் நடுவே உள்ள ஒரே வித்தியாசம் அந்தக் கவர். அது இப்போது அவருடைய பையிலேயே இருந்தது.

அதே கையோடு அவர் மற்றவர்களுக்கும் பத்திரிகை வைத்தார். தவில்காரர்கள், பேண்டு மாஸ்டர், உருமிக்காரர்கள், கீபோர்டுக்காரர்கள் யாரையும் விடவில்லை. கீழக்கரை மதாரை இரண்டு முறை போய் அழைத்தார். மதார் இன்னிசைக் குழு நடத்துபவர். அவருக்கு எந்த வாத்தியமும் தெரியாது. அதனால்தான் உரிமையாளராக இருந்தார்.

கல்யாணம் ஆவணியில் ஒரு பெரிய முகூர்த்த நாளில், ராமநாதபுரத்தில் ஒரு மகாலில். அன்று விடியுமுன் புறப்படும்போது தனுஷ்கோடி பாம்பன் வீட்டில் தன் வாத்தியங்களையெல்லாம் ஒரே அறையில் போட்டுப் பூட்டினார். புல்லாங்குழலைக்கூட வெளியே விடவில்லை. சாராயத்தை விட்டவன் பாட்டிலைத் தூக்கி எறிவது மாதிரி, பக்கத்தில் இருந்தால் கை போய்விடும் என்று அவருக்குத் தன்மேலேயே பயம் இருந்தது.

காலை ஏழு மணிக்கு மகால் வாசலில் வந்து இறங்கியவர் ஃபிளெக்ஸைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

இருபதடி உயர ஃபிளெக்ஸில் மணமக்கள் படம் ஓர் ஓரமாகச் சின்னதாக இருந்தது. நடுவில் தனுஷ்கோடி. அவருக்குப் பத்துக் கைகள். ஒவ்வொரு கையிலும் ஒரு வாத்தியம். மிச்ச எட்டும் தலையைச் சுற்றிப் பறந்தன. கீழே, "பதினெட்டு வாத்தியச் சக்கரவர்த்தி, எங்கள் அன்புச் சம்பந்தி, மகளுக்காக வாசிக்கிறார். அனைவரும் வருக" என்று எழுதி, அதன் பக்கத்தில் படமாகச் சேதுராமன் கைகூப்பி நின்றார்.

"எப்படி?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பட்டுச் சட்டையில் சேதுராமன் பூரித்துப்போய் நின்றுகொண்டிருந்தார். "ஒரு மாசமா எல்லாரு வாட்ஸப் ஸ்டேட்டஸ்லயும் இதுதான் ஓடுது சம்பந்தி. உங்களுக்கு மட்டும் தெரியாம மறைச்சு வச்சிருந்தேன். உள்ள வாங்க, இன்னும் இருக்கு."

உள்ளே மணவறைக்கு எதிரே இன்னொரு மேடை போட்டிருந்தார்கள். அதில் மதுரையிலிருந்து வாடகைக்கு எடுத்த கீபோர்டு, டிரம் செட், சாக்ஸபோன், கிட்டார், வயலின், ரிதம் பேட் எல்லாம் விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தன. நடுவில் ஒரே ஒரு நாற்காலி.

"நாயனம் தவிலெல்லாம் பழசு பாருங்க. அதான் எல்லாம் மாடர்னா எடுத்துட்டேன்" என்றார் சேதுராமன்.

தனுஷ்கோடி அந்த ஒற்றை நாற்காலியைப் பார்த்தார். ஆனாலும் பதறவில்லை. முனீஸ்வரன் இருக்கிறார், நாயனம் வந்துவிடும், இந்த மேடை அது பாட்டுக்குக் கிடக்கட்டும் என்று நினைத்துக்கொண்டார். எட்டேகாலுக்கு முனீஸ்வரனும் வந்தார். சந்தனக் கலர் பட்டுச் சட்டை, பக்கத்தில் மனைவி, பேரப்பிள்ளைகள், கையில் வண்ணத்தாள் சுற்றிய சுவர்க் கடிகாரம். நேரே போய் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, காபி வருகிறதா என்று திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, நாயனம் எங்க?" என்று ஓடினார் தனுஷ்கோடி.

"என்ன நாயனம்?"

"செட்டு எங்கப்பா? வண்டியில வருதா?"

"என்னண்ணே சொல்றீங்க? நீங்கதான வாசிக்கிறீங்க. ஸ்டேட்டஸ்ல பாத்தேனே."

"உங்கிட்ட வெத்தல பாக்கு வச்சேனே தம்பி."

"பத்திரிகையோட வச்சீங்க. அட்வான்ஸ் வைக்கலியே."

"வச்சேன். நீதான எடுத்து எம் பையில வச்ச."

முனீஸ்வரன் கொஞ்சம் யோசித்தார். "ஆமா, உங்ககிட்ட அட்வான்ஸ் வாங்குறதான்னுட்டுத்தான் திருப்பித் தந்தேன். அப்பறம் ஸ்டேட்டஸப் பாத்ததும், அண்ணன் மரியாதைக்கு மேளக்காரன் மாதிரியே வெத்தல வச்சு அழைச்சிருக்காருன்னு எம் பொண்டாட்டிகிட்டச் சொல்லிப் பெருமப்பட்டேன்."

அவர் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. அதுதான் கொடுமை. நாயனம் திருவாடானையில் இருந்தது. போய் எடுத்து வர இரண்டு மணி நேரமாவது ஆகும். தனுஷ்கோடியின் சொந்த நாயனம் பாம்பனில் பூட்டிய அறைக்குள் பத்திரமாக இருந்தது. ஊரில் அன்று எல்லா மகாலிலும் கல்யாணம். ஓர் உடைந்த தவில்கூடச் சும்மா கிடக்கவில்லை. முகூர்த்தம் ஒன்பது பத்துக்கு.

தனுஷ்கோடி கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். தனுஷ்கோடி வீட்டு விசேஷம் என்று அன்றைய வேலைகளை வெளியூர் செட்டுகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, ராமநாதபுரம் கடற்கரையின் மொத்தச் சங்கீதமும் அங்கே உட்கார்ந்திருந்தது. தவில்காரர்கள் பாதாம்பால் குடித்துக்கொண்டிருந்தார்கள். பேண்டு மாஸ்டர் பேத்தியை மடியில் வைத்திருந்தார். அத்தனை பேரும் மொய்க் கவரோடு வந்திருந்தார்கள். ஒருவரும் வாத்தியத்தோடு வரவில்லை. எதற்குக் கொண்டு வர வேண்டும்? பதினெட்டும் வாசிக்கிறவர் வீட்டுக் கல்யாணம்.

விஷயம் பரவியதும் ஆளாளுக்கு வந்து யோசனை சொன்னார்கள். மதார், "எங்கிட்ட பென்டிரைவ்ல கெட்டி மேளம் இருக்கு மாப்ள, போட்டு விட்ருவம்" என்றார். நல்ல யோசனைதான். ஆனால் சேதுராமனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பதினெட்டு வாத்தியம் வாசிக்கிறவரு வீட்டுக் கல்யாணத்துல பென்டிரைவா? எங்க மண்டிக்காரனுக காறித் துப்புவானுக. சம்பந்தி, எதுக்கு இவ்வளவு பேச்சு? ரெண்டு நிமிஷம் வேல. எந்திரிச்சு வாசிச்சுட்டு வந்திருங்க."

"ஆமாண்ணே, ரெண்டு நிமிஷந்தான" என்றார் முனீஸ்வரன்.

"ரெண்டு நிமிஷந்தான மாப்ள" என்றார் மதார்.

தாலி கட்டுவதும் அதே இரண்டு நிமிஷம்தான் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டு அத்தைமார், மேளச் சத்தம் இல்லாமல் தாலி ஏறினால் ஆகாது என்று முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். ராக்கு மட்டும் மணவறை ஓரத்தில் நின்று கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முடிவு தெரியும். முப்பது வருஷமாகத் தெரியும்.

சேதுராமன் பேச்சை வளர்க்காமல் சாக்ஸபோனைக் கொண்டுவந்து தனுஷ்கோடியின் கையில் வைத்தார். வைத்ததுதான் தாமதம், விரல்கள் தாமாகவே கட்டைகளில் போய் உட்கார்ந்துகொண்டன. நல்ல சாக்ஸபோன். வாயில் வைத்தால் நாட்டை ராகம் சும்மா வழுக்கிக்கொண்டு வரும். வாசிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், மகள் கல்யாணம் என்பதைக்கூட ஒரு நொடி மறந்துவிட்டார். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டவர், ராக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்தார்.

சாக்ஸபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"நான் வாசிக்கல சம்பந்தி."

"என்னது?"

"ரெண்டாயிரம் தாலிக்கு வாசிச்சிருக்கேன். ஒண்ணக்கூடப் பாத்ததில்ல. எம் மக தாலிய மட்டும் பாத்துக்கிறேன்."

"வீடியோல பாத்துக்கலாமே சம்பந்தி. ட்ரோனெல்லாம் சொல்லியிருக்கேன்."

"வீடியோ நீங்க பாருங்க. நான் நேர்ல பாக்குறேன்."

அவர் வாயிலிருந்து மாட்டேன் என்ற சொல் வந்ததை அன்றுதான் கடற்கரை கேட்டது. சேதுராமனின் முகம் அவருடைய மண்டிச் சரக்கின் நிறத்துக்கு வந்தது. பிறகு மதார்தான் எழுந்தார்.

"அவன விடுங்க பாய்" என்று சேதுராமனை அழைத்துவிட்டு, பாய் தான்தான் என்பது நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "விடுங்க அண்ணாச்சி. எங்களுக்குக் காய்ச்சல் வந்தப்பல்லாம் அவன் வாசிச்சான். இன்னிக்கு அவனுக்குக் காய்ச்சல்னு வச்சுக்கங்க. நாங்க இத்தன பேரு இருக்கமே. வாங்கப்பா எல்லாரும்."

வித்வான்கள் ஒவ்வொருவராக எழுந்து மேடை ஏறினார்கள். தங்கள் தங்கள் வாத்தியத்தில் கரைகண்டவர்கள்தான். அந்த வாத்தியம் எதுவும் மேடையில் இல்லை. முனீஸ்வரன் ஊதுகிற சாமான் என்ற ஒரே உறவை நம்பி சாக்ஸபோனை எடுத்து, எந்தப் பக்கம் வாய் என்று பார்த்தார். தவில்காரர்கள் இரண்டு பேர் டிரம் செட்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பேண்டு மாஸ்டர் கீபோர்டின் சுவிட்சைத் தேடினார். மதார் வயலினைக் கையில் எடுத்துக்கொண்டு, வாசிக்கப்போவதில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் நிற்கப்போகிறேன் என்று நேர்மையாகச் சொன்னார்.

ஒன்பது பத்து. தனுஷ்கோடி மணவறையில், மகளுக்கு வலதுபுறம் இரண்டடி தள்ளி நின்றார். நிற்கிற இடம் சரிதானா என்று ராக்குவிடம் கேட்டுக்கொண்டார். "கெட்டி மேளம்" என்று சொல்லி ஐயர் விரலைத் தூக்கினார். பழக்கதோஷத்தில் தனுஷ்கோடி அந்த விரலைத்தான் முதலில் பார்த்தார். பிறகு சுதாரித்துக்கொண்டு கண்ணைக் கீழே இறக்கினார்.

மேடையிலிருந்து கிளம்பிய சத்தத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆட்டுச் சந்தைக்குள் லாரி புகுந்த மாதிரி இருந்தது. வேறு நாளாக இருந்தால் தனுஷ்கோடி காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பார். அன்று அவருக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தார். காளிதாஸ் தாலியைக் கழுத்துக்குக் கொண்டுபோனான். மஞ்சள் கயிற்றின் ஒரு நுனி மாலையில் சிக்கியது. ராக்கு மகளின் சடையை மெல்லத் தூக்கிப் பிடித்தாள். அட, இப்படித்தான் கட்டுவார்களா என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. முதல் முடிச்சு விழுந்ததை முழுதாகப் பார்த்தார். இனிமேல் செத்தாலும் பரவாயில்லை என்று தோன்றுமளவுக்குச் சந்தோஷமாக இருந்தது. மகளுக்கும் அப்படித்தானே இருக்கும் என்று அவள் முகத்தைப் பார்த்தார்.

யுவராணி மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. தாலியையும் பார்க்கவில்லை. கேமராக்காரர்களின் தோளுக்கு மேலே கழுத்தை எட்டி, வாத்திய மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த விசேஷ வீட்டுக்குள் நுழைந்தாலும் சத்தம் வருகிற பக்கம் பார்த்தால் அங்கே அப்பா இருப்பார். நடக்கப் பழகிய நாளிலிருந்து அவள் அறிந்த ஒரே வழி அதுதான். அவளுடைய கண் முனீஸ்வரனிடமிருந்து தவில்காரர்களுக்குப் போனது. அங்கிருந்து மதாருக்கு, திரும்பவும் முனீஸ்வரனுக்கு. ஒவ்வோர் ஆளாகத் தேடத் தேட, முகம் சின்னப் பிள்ளையின் முகமாகிக்கொண்டே வந்தது.

"யுவா" என்றார் தனுஷ்கோடி. "தாயி, இங்கன இருக்கேன்."

வேறெந்தச் சத்தமும் மணப்பெண்ணின் காதில் விழக்கூடாது என்பதற்காகத்தான் கெட்டி மேளம் என்ற ஒன்றையே வைத்திருக்கிறார்கள். முப்பது வருஷமாக அந்த வேலையை அவர் குறையில்லாமல் செய்துவந்தார். அன்று மற்றவர்கள் செய்தார்கள். கையை நீட்டித் தொடலாம் என்றால், அடுத்த இரண்டு முடிச்சுப் போட மாப்பிள்ளையின் அக்கா நடுவே வந்து குனிந்துவிட்டாள்.

மூன்றாவது முடிச்சும் விழுந்தது. ஐயர் விரலை இறக்கினார். சத்தம் நின்றது. எல்லோரும் அட்சதை போட்டார்கள். அதன் பிறகுதான் யுவராணி திரும்பினாள். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த அப்பாவை, யாரோ தெரிந்த முகம் மாதிரி ஒரு கணம் பார்த்தாள்.

"இங்கனயா இருந்தீக அய்யா" என்றாள். "நான் அங்கனயே தேடிக்கிட்டு இருந்தேன். தாலி கட்டுனதே தெரியல."

கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தனுஷ்கோடிக்குத் தெரியவில்லை.